அரைப்பேர்

ஹட்டனில், பேக்கரிக்கு மேல்மாடியில்
ஐந்தேகாலுக்குச் சிவப்பாகிறது திரை.
நாற்பத்தியொரு பிழை.
எல்லாம் ஒரே பிழைதான்:
இந்தச் சொல்லுக்குத் தமிழ் இல்லை.

ஸ்டேஷனில் பதுளை ரயில் தாமதம் என்கிறார்கள்
மூன்று மொழியில்.
மூன்றாவது மொழி வருவதற்குள்
ரயிலே வந்துவிட்டது.

தோட்டத்து ஆட்களுக்கான செயலி இது.
ஐந்து மொடியூல்:
பெரட்டு, நிறுவை, சம்பளம், லீவு, பிள்ளைக்காம்பரா.
ஒவ்வொன்றும் தன் சொற்களைத்
தன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறது,
லயத்து வீடுகள் மாதிரி,
சுவர் ஒன்று, அடுப்பு வேறு.
தனித்தனியே கட்டினால் எல்லாம் பச்சை.
சேர்த்துக் கட்டும்போதுதான் தெரிகிறது
எந்த வீட்டில் உப்பு இல்லை என்று.

கொழும்பிலிருந்து சமிந்துவின் குரல்செய்தி.
நல்லவன். அவசரக்காரன்.
அந்தச் சோதனையை நிப்பாட்டிவிடு, ஒரே வரிதானே,
தமிழ் இல்லாத இடத்தில்
இங்கிலீஷ் தானாக வந்து நிற்கும்,
ஒருவருக்கும் தெரியாது.

ஒருவருக்கும் தெரியாது.
அந்த ஒரு வரியை எனக்கு நன்றாகத் தெரியும்.
என் பிறப்புச் சான்றிதழில் சிங்களம் மட்டும்;
அதை எழுத்துக்கூட்டி வாசிக்கையில்
எனக்குப் பதினாறு வயது.
பொலிஸில் அப்பா ஒரு தாளில் கையெழுத்திட்டார்,
என்ன எழுதியிருந்தது என்று
இன்றைக்கும் ஊகம்தான்.
அங்கெல்லாம் எதுவும் சிவப்பாகவில்லை.
எந்தக் கந்தோரும் வேலையை நிறுத்தி
இது இவருக்குப் போய்ச் சேரவில்லை என்று கத்தியதில்லை.
தவணை முடியாத இந்த மடிக்கணினிதான்
முதல்முதலாகக் கத்துகிறது.

நிப்பாட்டவில்லை.
ஒவ்வொன்றாக நிரப்புகிறேன்.
'சேமி' லேசு.
'மீண்டும் முயல்க' நிறுவையில் ஒரு மாதிரி,
சம்பளத்தில் 'திரும்ப முயலவும்',
லீவில் வெறும் இங்கிலீஷ்.
பொதுவான சொற்களை அள்ளி
ஆறாவதாக ஒரு பெட்டி செய்து போடுகிறேன்.
கம்பனிப் பெயருக்கும் பதிப்பு எண்ணுக்கும்
பெயர்க்க வேண்டாம் என்று குறிப்பு.
மாலுபாண் வாசனை ஏறி வருகிறது.
கரண்ட் ஒருமுறை போய் வருகிறது.

எட்டரைக்கு மிச்சம் ஒன்று.
இங்கிலீஷில் 'ஹாஃப் நேம்'.
மொழிபெயர்ப்பு இயந்திரம் பாதிப் பெயர் என்கிறது.
சிங்களப் பெட்டியில் சமிந்து
முதலெழுத்துகள் என்று போட்டிருக்கிறான், பாவம்.

சகாயமேரிக்கு அடித்தேன்.
நிறுவையில் நிற்பவள்,
சோதனைப் பதிப்பை இரண்டு கிழமையாகத்
திட்டிக்கொண்டே பாவிப்பவள்.

"ஹாஃப் நேமா? சம்பளப் பக்கத்துலயா?
அட, அரைப்பேருங்க!
கொழுந்து கொறஞ்சா போடுவாங்களே.
பதினெட்டு கேட்டாங்க, நான் பதினேழு எடுத்தேன்,
போட்டாங்க அரைப்பேரு.
இது தெரியாமயா ஆப்பு செஞ்சீங்க?"

நான் டவுனில் வளர்ந்த ஆள் அக்கா என்றேன்.
"அதான் ஆப்பு" என்றாள்.

போனை வைத்தபின் சிரித்தேன்.
பாதியில் நின்றது சிரிப்பு.
பெரட்டுக் களத்தில் பிறந்த சொல்.
எந்தத் துரையோ காதில் வாங்கி
செக்ரோலில் இங்கிலீஷாக எழுதிவைத்திருப்பான்.
இத்தனை காலம் கழித்துத்
திரை என்னிடம் கேட்கிறது,
இதற்குத் தமிழ் எங்கே?

தட்டினேன்.
ஒன்பது ஐம்பதுக்குப் பச்சை.

சமிந்துவுக்கு எழுதினேன்:
முதலெழுத்து இல்லை, அரைநாள் கூலி,
உன் பக்கத்தையும் திருத்து.
'அட! இரண்டு மாதமாக அதில்
பிழையே காட்டவில்லையே' என்றான்.
காட்டாது.
இடம் நிரம்பினால் போதும் அதற்கு.

கீழே ஷட்டர் இறங்குகிற சத்தம்.
படுக்கப் போகுமுன் சகாயமேரியின் செய்தி:
"அந்த அரைப்பேர் பட்டன்
அவ்வளவு பெருசா வேணாங்க.
கணக்கப்பிள்ளைக்குக் கை தவறிப் பட்டுடும்."